சுண்டுவிரல் வீடு

"உள்ள போ! சீக்கிரம், சீக்கிரம்!"

கணக்கு மிஸ் ஒரு கையால் சாமான் அறைக் கதவைத் தள்ளினாள். மறு கையால் அந்தச் சிறுமியின் முதுகைத் தள்ளினாள். வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டு அரை நிமிடம்கூட ஆகவில்லை. பள்ளியைப் பார்வையிட மதியம் வரவேண்டிய ஆபீசர், காலை மணி அடித்த கையோடு வந்து இறங்கிவிட்டார்.

"மிஸ், இருட்டா இருக்கு மிஸ்."

"கண்ணை மூடிக்கோ. இருட்டு தெரியாது."

"கண்ணை மூடினாலும் இருட்டுதானே?"

"வாயையும் மூடிக்கோ!"

சொன்ன வேகத்தில் முழங்கை போய்க் கதவோர அலமாரியில் இடித்தது. மேல்தட்டிலிருந்த அட்டைப் பெட்டி தலைகுப்புற விழுந்தது. வெள்ளை, மஞ்சள், பச்சை, நீலம், சிவப்பு என்று அட்டைகள் தரையெல்லாம் சிதறின. இரண்டாம் வகுப்பு மொத்தமும் "ஓ" என்று கத்தியது.

"மிஸ், ஏணி அட்டையெல்லாம் விழுந்துடுச்சு!" என்று அறிவித்தான் ரேடியோ. முதல் பெஞ்சுப் பையன். யாரும் கேட்காமலேயே செய்தி வாசிப்பதால் அந்தப் பெயர்.

"உஷ்! உன் ஸ்டேஷனைக் கொஞ்சம் நிறுத்துடா."

குனிந்து அள்ளினாள். நிறம் பார்த்து அடுக்க மட்டுமே நேரம் இருந்தது. சிறுமி வாசற்படியில் நின்றபடியே ஆடிக்கொண்டிருந்த முன்பல்லை நாக்கால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப வெளிய வரலாம்?"

"நான் கூப்பிடறப்ப. அதுவரைக்கும் மூச்சு விடற சத்தம்கூட வரக்கூடாது. என்ன ஆனாலும் சரி. புரியுதா?"

சிறுமி வாயைத் திறந்தாள். வேறு ஏதோ சொல்ல வந்து, விழுங்கிவிட்டு, "சரி மிஸ்" என்றாள்.

பூட்டு விழுந்தது. சாவி வளையம் கணக்கு மிஸ்ஸின் விரலில் ஏறியது. நடைவழியில் தலைமையாசிரியையான பெரிய மிஸ்ஸின் செருப்புச் சத்தமும் அதற்குப் பின்னால் கனமான ஷூ சத்தமும் நெருங்கின. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். அத்தனை பேரும் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவளைப் பார்த்தார்கள்.

அந்தப் பார்வை நெருப்பாகச் சுட்டது. அதற்கெல்லாம் இப்போது நேரமில்லை.

உள்ளே போனவளுக்கு வகுப்பில் சுண்டு என்று பெயர். அந்தப் பெயர் வந்த கதைதான் கணக்கு மிஸ்ஸுக்குப் பேர் வாங்கிக்கொடுத்த பாடத்தின் கதையும். வலது கையை மேசைமேல் கவிழ்த்து வைக்கவேண்டும். சுண்டுவிரல் ஒன்றுகளின் வீடு. பக்கத்திலிருக்கும் மோதிரவிரல் பத்துகளின் வீடு. நடுவிரல் நூறுகளின் வீடு. சுண்டுவிரல் வீட்டில் ஒன்பது குச்சிதான் தங்கலாம். பத்தாவது குச்சி வந்தால் எல்லாவற்றையும் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு, ஒரே கட்டாக அடுத்த வீட்டுக்குக் குடியேற்றவேண்டும். காலியாக இருக்கும் வீட்டுக்குச் சைபர் காவல். பிள்ளைகளையே வீடுகளாக நிறுத்தி நாடகம் போட்டபோது, இருப்பதிலேயே குட்டையானவள் சுண்டுவிரல் வீடாக நின்றாள். அன்றிலிருந்து சுண்டு.

வீடு கட்டியாயிற்று. அதற்கு மேல் ஏற, நிறத்துக்கு நிறம் கடினமாகும் அட்டைகள்தான் ஏணி. வெள்ளை அட்டையில் எளிய கேள்வி: நாற்பத்தேழில் நாலு எந்த வீட்டில் இருக்கிறது? மஞ்சளில், முந்நூற்று ஐந்தை எழுது. பச்சையில், இரண்டு நூறு, பதினாலு பத்து, மூன்று ஒன்று; சேர்த்தால் என்ன எண்? நீலத்தில், ஆறு, சைபர், எட்டு மூன்றையும் வைத்துச் செய்யக்கூடிய மிகச் சிறிய மூன்றிலக்க எண் எது? சிவப்பு அட்டைகளைப் பார்த்தால் பெரியவர்களே தலையைச் சொறிவார்கள்.

ஏணியைப் பற்றி மேலிடம் வரைக்கும் பேச்சு போயிற்று. வகுப்பு முழுவதும் சிவப்பைத் தாண்டினால் இந்த முறையை மற்றப் பள்ளிகளுக்கும் கொண்டுபோகலாம், கணக்கு மிஸ்ஸின் தற்காலிக வேலையை நிரந்தரமாக்கலாம் என்று தகவல் வந்தது. ஒரு பிள்ளை தங்கினாலும் இரண்டும் கிடையாது. அவளுக்கு அந்த வேலையை விட்டால் வேறு போக்கிடம் இல்லை.

தங்கிய ஒரே பிள்ளை சுண்டு.

மஞ்சளைத் தாண்டவே மாட்டேன் என்றாள். முந்நூற்று ஐந்து என்றால் 3005 என்று எழுதுவாள். ஒரு தடவை பொறுமையாகத்தான் கேட்டாள் கணக்கு மிஸ். "ஏன் கண்ணு இப்படி எழுதற?"

"முந்நூறை முழுசா எழுதிட்டு, அஞ்சை அதுக்குப் பக்கத்துல உக்கார வச்சேன் மிஸ். நீங்க எழுதறதுல முந்நூறு பாதிதானே இருக்கு? மிச்சம் எங்க போச்சு?"

நல்ல கேள்வி. ஒரு நல்ல ஆசிரியை அங்கே உட்கார்ந்து, குச்சிகளைக் கொட்டி, மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருப்பாள். கணக்கு மிஸ்ஸும் தொடங்கினாள். ஆனால் ஆபீசர் வரும் தேதி தெரிந்தபிறகு குச்சிகள் சாமான் அறைக்குப் போயின. கட்டிக்கட்டிப் பார்த்தால் நேரமாகிறது. அட்டையைக் காட்டினால் பதில் தெறிக்கவேண்டும். அதனால் தினமும் அதே அட்டைகள், அதே வரிசை, அதே கூச்சல். பிள்ளைகள் கிளிகளாகத் தேறினார்கள். சுண்டு மட்டும் காலி மேசைமேல் கையைக் கவிழ்த்து வைத்து, இல்லாத குச்சிகளைத் தேடிக்கொண்டிருந்தாள். ஒருநாள் அத்தனை பேர் முன்னால், "மரமண்டை, மரமண்டை! மூளையை எங்க வச்சுட்டு வந்த?" என்று கணக்கு மிஸ் கத்திவிட்டாள். சுண்டு அழவில்லை. பக்கத்திலிருந்தவளின் காதில், "வச்சுட்டு வரல, உள்ளதான் இருக்கு" என்று சொன்னாளாம். ரேடியோ ஒலிபரப்பினான்.

இன்று காலை ஆசிரியர் அறையில் தமிழ் மிஸ் சிரித்துக்கொண்டே கேட்டாள். "ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் ஏணி போட்டவ, அந்த ஒண்ணை மட்டும் கீழேயே விட்டுட்டியேடி?"

எல்லாரும் சிரித்தார்கள். கணக்கு மிஸ்ஸும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

பெரிய மிஸ் சிரிக்கவில்லை. "இன்னிக்கு அது கண்ணுல படாம இருந்தா உனக்கு நல்லது. எப்படின்னு நான் கேக்கமாட்டேன்" என்று மட்டும் சொன்னாள். லீவு போடச் சொல்லலாம் என்றால் சுண்டுவின் வீட்டில் பகலில் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்து வகுப்பில் கொண்டுபோய் உட்காரவைப்பது என்று திட்டம். ஆபீசர் சீக்கிரம் வந்து அதில் மண்ணைப் போட்டுவிட்டார்.

"வணக்கம், வணக்கம். உக்காருங்க பிள்ளைங்களா!"

ஆபீசர் தடித்த மனிதர். மூக்குக் கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தது. பெரிய மிஸ் அவரைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, கணக்கு மிஸ்ஸை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பூட்டை ஒரு பார்வை. அப்படியே போய்விட்டாள்.

"எல்லாரும் வந்திருக்காங்களா டீச்சர்?"

"ஒருத்தி வரல சார். உடம்பு சரியில்ல."

பொய் வழுக்கிக்கொண்டு வந்தது. அது அவளுக்கே பயமாக இருந்தது.

ஆபீசர் பிள்ளைகளின் பெஞ்சிலேயே இடம் கேட்டு, முழங்கால் மேசையில் இடிக்க உட்கார்ந்தார். "வெள்ளை, மஞ்சளெல்லாம் உங்களுக்குத் தண்ணி பட்ட பாடுன்னு கேள்விப்பட்டேன். நேரா உச்சிக்குப் போவோமா? சிவப்பைக் கொண்டாங்க."

கணக்கு மிஸ்ஸுக்கு அப்போதுதான் உறைத்தது. நிறம் பார்த்து அடுக்கினாள். நிறத்துக்குள் வரிசை பார்க்கவில்லை. பிள்ளைகள் கற்றிருந்ததோ வரிசையை.

"நான் படிக்கிறேன் சார், நீங்க..."

"வேணாம், வேணாம். நானே படிக்கிறேன்." கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது. "கேட்டுக்கோங்க. ஒரு மூணு இலக்க எண். சுண்டுவிரல் வீட்டுல மூணு. அதைப்போல ரெண்டு மடங்கு மோதிரவிரல் வீட்டுல. மூணு மடங்கு நடுவிரல் வீட்டுல. என்ன எண்?"

"முப்பது!" என்றது வகுப்பு, ஒரே குரலில், கூரை அதிர.

ஆபீசர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். தான் தப்பாகப் படித்துவிட்டோமோ என்ற சந்தேகம் முகத்தில் தெரிந்தது. "சரி, விடுங்க. அடுத்தது. முந்நூத்தி அஞ்சு குச்சி இருக்கு. மொத்தம் எத்தனை பத்துக் கட்டு கட்டலாம்?"

"பத்து!"

"பத்தா?"

"பத்து சார்!" இன்னும் உரக்க.

ரேடியோ எழுந்து நின்று விளக்கம் கொடுத்தான். "சார், முதல் சிவப்புக்கு முப்பது, ரெண்டாவது சிவப்புக்கு பத்து, மூணாவதுக்கு தொள்ளாயிரத்து அறுபத்து மூணு. நாங்க தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவோம்."

கணக்கு மிஸ்ஸின் காது மடல்கள் கொதித்தன. தரை பிளந்தால் இறங்கிவிடலாம் என்று நின்றாள். தரை கல்லாக இருந்தது.

ஆபீசர் கோபப்பட்டிருந்தால் தேவலை. அவர் கோபப்படவில்லை. "பரவாயில்ல. அட்டையை ஓரமா வைப்போம். எனக்கு இந்தப் பாடத்துல புடிச்சதே அந்தக் குச்சிதான். குச்சி கையில இருந்தா இவங்களே கண்டுபிடிப்பாங்க. எங்க டீச்சர் குச்சியெல்லாம்?"

"சாமான் அறையில சார். சாவி... சாவி பெரிய மிஸ்கிட்ட."

"மிஸ், சாவி உங்க விரல்லயே இருக்கே!" என்றான் ரேடியோ. உதவி செய்த பெருமிதம் அவன் முகத்தில் வழிந்தது.

விரலைப் பார்த்தாள். சாவி வளையம் மோதிரம் மாதிரி மின்னியது. சிரிக்க முயன்றாள். உதடு கோணிக்கொண்டு போனதுதான் மிச்சம்.

"மறந்துட்டீங்க போல," என்றார் ஆபீசர் கனிவாக. அந்தக் கனிவுதான் கொன்றது. அவரே எழுந்து கதவுப் பக்கம் நடந்தார்.

கணக்கு மிஸ் பின்னாலேயே போய்ப் பூட்டில் சாவியைப் போட்டாள். கதவு திறந்தது. வெளிச்சம் ஒரு பட்டையாக உள்ளே விழுந்தது.

சுண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் குச்சிகள். இருட்டில் தடவித் தடவிக் கட்டுகள் போட்டிருந்தாள். ஒன்று மெலிந்து இருந்தது, ஒன்று பருத்து இருந்தது. இரண்டு உள்ளங்கையாலும் வாயை இறுகப் பொத்தியிருந்தாள். விரல் இடுக்கில் ரத்தம். மோவாயில் வழிந்து, வெள்ளைச் சட்டையில் சொட்டுச் சொட்டாக இறங்கியிருந்தது.

"அய்யோ! என்னம்மா இது? யார் பாப்பா நீ?" ஆபீசர் மண்டியிட்டார்.

சுண்டு அவரைப் பார்க்கவில்லை. கணக்கு மிஸ்ஸைப் பார்த்தாள். கூப்பிட்டாயிற்றா, இப்போது பேசலாமா என்று அந்தக் கண்கள் கேட்டன. பிறகு கையை எடுத்து, உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். அரிசி மாதிரி ஒரு பல்.

"விழுந்துடுச்சு," என்றாள் மெதுவாக. "ஆனா நான் சத்தம் போடல."

கணக்கு மிஸ் ஓடிப்போய்த் தூக்கியிருக்கலாம். கால் நகரவில்லை. வாய்தான் நகர்ந்தது.

"பக்கத்து வகுப்புப் பொண்ணு சார். எப்ப உள்ள புகுந்துச்சோ தெரியல."

பின்னால் ஒரு பெஞ்சு கிரீச்சிட்டது. "சார், அது எங்க மிஸ்ஸோட..." என்று ஆரம்பித்தான் ரேடியோ. கணக்கு மிஸ் திரும்பினாள். அவள் முகத்தில் எதைப் பார்த்தானோ, வாழ்க்கையில் முதன்முறையாக ரேடியோ தானாகவே நின்றுபோனது. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

"டீச்சரோட என்ன தம்பி?"

"வகுப்புல இருந்துச்சு சார்... முன்னாடி," என்று முனகினான். ஏழு வயதுப் பையனைப் பொய் சொல்ல வைத்தாயிற்று. இவள் கற்றுக்கொடுத்ததில் அவன் பிழையில்லாமல் செய்த முதல் பாடம்.

ஆபீசர் சுண்டுவைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிவந்து, நாற்காலியில் உட்காரவைத்து, தன் கைக்குட்டையால் வாயைத் துடைத்தார்.

"பக்கத்து வகுப்பா கண்ணு நீ?"

சுண்டு மறுபடி கணக்கு மிஸ்ஸைப் பார்த்தாள். ஒரு கணம். மஞ்சள் அட்டைக்கு முன்னால் எத்தனையோ நாள் தடுமாறியவள், இதில் தடுமாறவில்லை.

"ஆமா சார். நான் பக்கத்து வகுப்பு."

"உள்ள எப்படிப் போன?"

"நானே போனேன்."

"வெளியில பூட்டு போட்டிருந்ததேம்மா?"

சுண்டு யோசித்தாள். "அதையும் நானே போட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. ஆபீசர் மெதுவாக நிமிர்ந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தார். அவர் குரலில் இருந்த கனிவு அத்தோடு போய்விட்டது.

"டீச்சர், கணக்கு தப்பாப் போறது ஒண்ணும் பெரிய விஷயமில்ல. அடுத்த வருஷம் சரி பண்ணிக்கலாம். ஆனா ஒரு குழந்தையை இருட்டுல வச்சுப் பூட்டியிருக்காங்க. ரத்தம் வந்தும் அது வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கு. இதை நான் சும்மா விட்டுட்டுப் போனா எனக்குச் சோறு இறங்காது. யார் பூட்டுனாங்கன்னு அப்புறம் கேக்கறேன். முதல்ல இதைப் பெத்தவங்களுக்குச் சொல்லணும்." கைப்பேசியை எடுத்தார். "பாப்பா, அம்மா நம்பர் தெரியுமா?"

சுண்டுவின் முகம் மலர்ந்தது. பழக்கதோஷம். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் அவளுக்கு எப்போதும் பதில் தெரியும். கூட்டத்தில் தொலைந்துபோனால் சொல்லவேண்டும் என்று ராகம் போட்டுச் சொல்லிக்கொடுத்த எண். அதில் எந்த வீடு நூறு, எந்த வீடு பத்து என்று யாரும் அவளைக் கேட்டதில்லை. அதனால் ஒருநாளும் தப்பியதில்லை.

"ஒன்பது," என்று பாடத் தொடங்கினாள், பல் போன ஓட்டை வழியாகக் காற்று சீறியது. "நாலு... நாலு..."

ஆபீசர் ஒவ்வொன்றாக அழுத்தினார். கணக்கு மிஸ் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைகளின் கண்கள் அவள்மேல் இருந்தன. அவள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கரும்பலகையைப் பார்த்தாள். அங்கே அவளே காலையில் வண்ணச் சுண்ணக்கட்டியால் வரைந்த கை இருந்தது. கவிழ்த்து வைத்த வலது கை. விரலுக்கு விரல் ஒரு வீடு.

பாட்டு பாதி தாண்டியது. முக்கால் தாண்டியது. கடைசி எண்ணுக்கு வாயெடுத்த சுண்டு, சட்டென்று நின்றாள்.

அவள் கண்கள் ஆபீசரின் விரலைப் பார்த்தன. பிறகு ஆசிரியர் மேசைமேல் இருந்த மிஸ்ஸின் தோல்பையைப் பார்த்தன. பிறகு கணக்கு மிஸ்ஸை. அந்தச் சின்ன நெற்றியில் ஒரு சுருக்கம் விழுந்தது. எத்தனை அட்டையைக் காட்டியும் அந்த முகத்தில் ஒருநாளும் விழாத சுருக்கம். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து ஒரு விடைக்கு வந்துவிட்டாள் என்பது தெளிவாகத் தெரிந்தது.

"இன்னும் ஒண்ணு இருக்கணுமே கண்ணு?"

"மறந்துட்டேன்."

"கடைசி எண் மட்டுமா?"

"ஆமா சார். எனக்கு எண்ணே வராது." தலையைக் குனிந்துகொண்டாள். "நான் மரமண்டை."

ஆபீசர் பெருமூச்சு விட்டார். "சரி, நான் ஆபீஸ் ரூம்ல கேட்டுக்கறேன்." கைப்பேசியைத் தாழ்த்தினார்.

தப்பித்தாயிற்று. அங்கே பெரிய மிஸ் இருக்கிறாள், பார்த்துக்கொள்வாள். வேலை தப்பும், மானம் தப்பும், ஏதாவது சாக்குச் சொல்லிக்கொள்ளலாம். கணக்கு மிஸ் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அவ்வளவுதான் அவள் செய்யவேண்டியது.

சுண்டு நாற்காலியில் காலை ஆட்டாமல், அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வலது கையைத் தொடைமேல் கவிழ்த்து வைத்திருந்தாள். சுண்டுவிரலை மட்டும் மற்றக் கையால் மூடியிருந்தாள், அந்த வீட்டில் யாரும் இல்லை என்பதுபோல.

"ஏழு," என்றாள் கணக்கு மிஸ்.

ஆபீசர் திரும்பினார். "என்ன டீச்சர்?"

"கடைசி எண் ஏழு சார். போட்டுப் பாருங்க."

குரல் அவளுடையது மாதிரியே இல்லை. ஆபீசர் குழப்பத்தோடு அந்த ஒரு எண்ணையும் அழுத்தினார். சுண்டு வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கண்ணில் முட்டிக்கொண்டிருந்தது அப்போதுதான் வழிந்தது.

மேசைமேல் இருந்த தோல்பை அதிர்ந்தது. உள்ளேயிருந்து மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

கணக்கு மிஸ் பையைத் தொடவில்லை. நாற்காலிக்கு முன்னால் போய் முழங்காலிட்டு, தொடைமேல் கவிழ்ந்து பல்லை மூடிக்கொண்டிருந்த அந்தச் சின்னக் கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள். அந்த முகத்தை ஆபீசர் பக்கம் திருப்ப அவளால் முடியவில்லை. அப்படியே சொன்னாள்:

"பூட்டுனது நான்தான் சார். பெத்ததும் நான்தான்."